சிவப்பு எண்ணெயும் பச்சை எண்ணெயும்: ஒரு சொகுசுக் காரின் பதினொரு வருட நோய்

கொஞ்சம் நீண்ட பதிவு. பழைய கார் வைத்திருப்பவர்களும், கராஜில் வேலை பழகும் தம்பிமாரும், சாதாரண தர விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளும் கடைசி வரை வாசித்தால் சந்தோஷம்.

1955 ஒக்டோபர் 5. பாரிஸ் மோட்டார் கண்காட்சி. சிட்ரோன் கம்பனி டீ.எஸ். 19 என்ற புதிய காரை மக்கள் முன் நிறுத்தியது. முதல் 15 நிமிடத்துக்குள் 743 பேர் அந்தக் காருக்கு ஓடர் கொடுத்தார்கள். அன்று மாலைக்குள் அது சுமார் 12,000 ஆகிவிட்டது. உலக யுத்தம் முடிந்து பத்து வருடங்களே ஆகியிருந்த ஒரு நாட்டில் இது நடந்தது.

காரின் அழகு ஒரு காரணம். அதைவிடப் பெரிய அதிசயம் உள்ளே இருந்தது. அந்தக் காரில் சில்லுகளுக்கு மேல் இரும்பு ஸ்பிரிங் கிடையாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு இரும்புக் கோளம். கோளத்தின் நடுவே ஒரு ரப்பர் மென்சவ்வு. அதன் ஒரு பக்கம் நைதரசன் வாயு, மறுபக்கம் எண்ணெய். சில்லு மேட்டில் ஏறினால் எண்ணெய் வாயுவை அமுக்கும், வாயு திருப்பித் தள்ளும். ஸ்பிரிங்கின் வேலையை வாயு செய்கிறது.

அந்த எண்ணெயை அமுக்க என்ஜினில் பெல்ட்டால் சுழலும் ஒரு பம்ப். அமுக்கம் சுமார் 170 பார் வரை ஏறும். நமது கார் டயரில் இருப்பது அண்ணளவாக 2 பார்தான். அதே பம்ப், அதே எண்ணெய்தான் பிரேக்கையும் ஸ்டீரிங்கையும் கிளட்சையும் கியர் மாற்றுவதையும் பார்த்துக்கொண்டது. பிள்ளைகளே, நீங்கள் பாடமாக்கும் பாஸ்கலின் தத்துவம் ஒரு முழுக் காரையே சுமந்தது.

இந்த ஹைட்ரோலிக் முறையை உருவாக்கியவர் போல் மாஜெஸ். பொறியியல் பட்டம் பெற்றவரல்ல. 17 வயதில் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்து, தானாகவே கற்றுக்கொண்டவர்.

இனி கதையின் மறுபக்கம்.

கார்கள் வீதிக்கு வந்ததும் முறைப்பாடுகளும் வந்தன. எண்ணெய் ஒழுகியது. கார் எழும்ப மறுத்தது. வால்வுகள் இறுகிப் பிடித்தன. எல்லாம் ஒரே எண்ணெயில் ஓடியதால், ஓரிடத்தில் வந்த நோய் எல்லா இடத்துக்கும் பரவியது. ஸ்பிரிங்கும் கேபிளும் பார்த்துப் பழகிய மெக்கானிக்குகளுக்கு இது புரியாத சாமான். சந்தேகப்பட்ட பாகத்தைக் கழற்றி மாற்றினார்கள். கொஞ்ச நாளில் அதே கார் அதே நோயோடு திரும்பி வந்தது. சொந்தக்காரர் மெக்கானிக்கைக் குறை சொன்னார், மெக்கானிக் காரைக் குறை சொன்னார். "இந்தக் கார் சிக்கலானது, வாங்க வேண்டாம்" என்ற பெயர் அப்படித்தான் பரவியது.

உண்மையான குற்றவாளி பம்பும் அல்ல, வால்வும் அல்ல. அவற்றுக்குள் ஓடிய சிவப்பு எண்ணெய்.

ஆரம்ப காலத்தில் தாவர எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட திரவமும், பிறகு செயற்கைத் திரவமும் பயன்பட்டன. இரண்டுக்கும் ஒரே கெட்ட குணம்: காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சாதாரண பிரேக் ஒயிலுக்கும் இந்தக் குணம் உண்டு. ஆனால் சாதாரண காரில் அது சில சிலிண்டர்களோடு முடிந்துவிடும். இங்கோ காரின் உடம்பு முழுக்க எண்ணெய்க் குழாய்கள். உள்ளே போன ஈரம் துருவாக மாறியது. தலைமயிரை விட மெல்லிய இடைவெளியோடு கடைந்த வால்வுகளில் அந்தத் துரு சிக்கியது. கெட்ட எண்ணெய் உள்ளே இருக்கும்வரை புதுப் பாகம் போட்டும் பயனில்லை.

1966இல், 1967ஆம் ஆண்டு மொடல் கார்களோடு, கம்பனி எண்ணெயையே மாற்றியது. புதியது ஈரம் உறிஞ்சாத, துருவைத் தடுக்கும் கனிய எண்ணெய். பச்சை நிறம். அதற்குரிய பாகங்களுக்கும் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். பிரேக் திரவம் பற்றிய சட்டம் காரணமாக அமெரிக்காவுக்குப் போன கார்களில் 1969 வரை சிவப்பே ஓடியது. மற்ற இடங்களில் அந்தக் காரின் பழைய கெட்ட பெயர் மெதுவாக மறைந்தது. அடிப்படை முறை அதேதான். மாறியது எண்ணெயும், அதற்கேற்ற ரப்பர் சீல்களும்தான்.

அந்த அடிப்படை முறை எவ்வளவு பலமானது என்பதற்கு ஒரு சம்பவம். 1962 ஓகஸ்ட் 22, பாரிஸுக்கு வெளியே பெத்தி கிளமார்ட்டில் ஜனாதிபதி டி கோலின் டீ.எஸ். கார் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. டயர்கள் துளைக்கப்பட்டும் சாரதி காரை நிறுத்தாமல் ஓட்டிச் சென்றார். டி கோலும் அவரது மனைவியும் உயிர் தப்பினார்கள். அதுவும் சிவப்பு எண்ணெய்க் காலத்துக் கார்தான்.

1955 முதல் 1975 வரை சுமார் 14½ இலட்சம் டீ.எஸ். குடும்பக் கார்கள் செய்யப்பட்டன. இன்றும் உலகில் பல ஓடுகின்றன. அவற்றைப் பராமரிக்கும் அனுபவசாலிகள் நோய் பார்க்கும் ஒழுங்கைச் சொல்கிறேன். செலவில்லாததில் தொடங்கி செலவானதில் முடிப்பதே அந்த ஒழுங்கு.

1. கார் எழும்பவில்லையா? முதலில் எண்ணெய்த் தாங்கியைப் பாருங்கள். அளவு போதுமா? பெல்ட் இருக்கிறதா, வழுக்குகிறதா? தாங்கிக்குள் இருக்கும் வடி அடைத்திருக்கிறதா? பம்பைக் கழற்றுவது கடைசி வேலை.

2. என்ஜினை ஓடவிட்டுக் காது கொடுங்கள். அமுக்க ரெகுலேட்டர் இடைக்கிடை "டிக்" என்று சத்தமிடும். ஒரு டிக்குக்கும் அடுத்ததற்கும் அரை நிமிடத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் நல்ல சுகம். சில விநாடிக்கு ஒருமுறை அடித்தால், அமுக்கத்தைச் சேமிக்கும் பிரதான கோளத்தில் வாயு இல்லை, அல்லது எங்கோ உள்ளுக்குள் ஒழுகுகிறது.

3. கார் மாட்டுவண்டி போலக் குலுங்குகிறதா? பலர் எண்ணெயை மேலும் ஊற்றுவார்கள். பெரும்பாலும் சில்லுக் கோளத்தில் நைதரசன் குறைந்திருக்கும். மென்சவ்வு வழியாக அது வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியேறுவது இயல்பு. வாயு நிரப்பினால் போதும்.

4. இரவு முழுக்க நின்ற கார் காலையில் தாழ்ந்து கிடந்தால் அது பெரும்பாலும் நோயல்ல. என்ஜின் நின்றால் அமுக்கமும் மெதுவாக இறங்கும். இதிலேயே ஆபத்தும் இருக்கிறது: முட்டுக் கொடுக்காமல் அந்தக் காரின் கீழ் யாரும் படுக்கக் கூடாது. அமுக்கத்தை வெளியேற்றாமல் எந்தக் குழாயையும் கழற்றக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது நிறம். சிவப்புக் காரில் பச்சையை ஊற்றினாலும், பச்சைக் காரில் சிவப்பையோ பிரேக் ஒயிலையோ ஊற்றினாலும், ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். அந்த ரப்பர்கள்தான் பிரேக்கைக் காப்பாற்றுகின்றன. ஒரு போத்தல் பிழையானால் முழுக் காரையும் அவிழ்க்க வேண்டி வரும்.

இது ஒரு பிரெஞ்சுக் காரோடு முடிந்த விடயமல்ல. 1965இல் வந்த ரோல்ஸ் ரோய்ஸ் சில்வர் ஷெடோ, சிட்ரோனின் உயர் அமுக்க முறையை அனுமதி பெற்றுப் பயன்படுத்தியது. அதில் பிரேக் திரவம். 1980இல் வந்த சில்வர் ஸ்பிரிட்டில் கனிய எண்ணெய். ஒரே கம்பனி, ஒரே பரம்பரை, பானட்டைத் திறந்தால் ஒரே மாதிரித் தாங்கி. நல்ல எண்ணத்தோடு பிழையான போத்தலை ஊற்றினால் ஏற்படும் செலவு, காரின் விலையையே தாண்டக்கூடும்.

எனக்கு இந்த வரலாற்றில் மனதைத் தொடுவது அந்தப் பதினொரு வருடங்கள். மெக்கானிக்குகள் சோம்பேறிகளல்ல, கார் செய்தவர்கள் முட்டாள்களுமல்ல. கழற்றக்கூடிய பாகங்களையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாப் பாகத்தையும் தொட்டு ஓடிய எண்ணெயைச் சந்தேகிக்க நாள் எடுத்தது.

ஆகவே உங்கள் வாகனம் எதுவாக இருந்தாலும் ஒரு சிறிய வேலை செய்யுங்கள். எந்த எண்ணெய், எந்த வகை, கடைசியாக எப்போது மாற்றியது என்று ஒரு கடதாசியில் எழுதி பானட்டின் உள்பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்து அந்தக் காரைத் திறக்கும் பாஸுக்கு உங்களைத் தெரியாமல் இருக்கலாம். அந்தக் கடதாசி அவருக்கு வழி காட்டும், இன்ஷா அல்லாஹ்.

பழைய கார்களில் இப்படி "பாகத்தை மாற்றியும் தீராத நோய்" பார்த்த கராஜ் சகோதரர்கள் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.