பெயரை இழந்த வாகையர்: ஆல்பர்ட் சாம்பியன்

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என நம் இலக்கண நூலார் இருவகைப்படுத்துவர். ஒரே பெயர் ஒருவரின் வாழ்நாளுக்குள்ளேயே இடுகுறியாகத் தொடங்கி, காரணப்பெயராக வளர்ந்து, இறுதியில் வணிக உடைமையாகவும் மாறக்கூடும். ஆல்பர்ட் சாம்பியனின் வரலாறு அதற்குத் தக்க சான்று.

1878இல் பாரிசில் பிறந்த அவருக்குச் ‘சாம்பியன்’ என்பது தந்தைவழி வந்த குடும்பப் பெயர். வென்று பெற்ற பட்டம் அன்று. அதனைப் பட்டமாகவும் ஆக்கியது மிதிவண்டியே. 1899இல் பாரிஸ் - ரூபே நெடுந்தொலைவுப் பந்தயத்தில் அவர் முதலிடம் பெற்றார். மோட்டார் வண்டி முன்சென்று காற்றைத் தடுக்க, மிதிவண்டி வீரர் அதனை ஒட்டி விரையும் போட்டியிலும் அவர் தேர்ந்தவர். அப்போட்டியில் முன்வண்டியின் இயந்திரம் தடுமாறினால் பின்வருபவரின் வெற்றியும் தடுமாறும். மிதிவண்டி வீரர் பலர் இயந்திரத்தை நெருங்கி அறிந்தது இவ்வழியேதான்.

அமெரிக்கா சென்ற சாம்பியன் அங்கே பந்தயக் கார் ஓட்டுநரானார். 1903இல் நியூயார்க்கின் பிரைட்டன் பீச் தடத்தில் நேர்ந்த விபத்தில் அவரது தொடையெலும்பு முறிந்தது. ஆயினும், 1904இல் பிரான்சு திரும்பி, மோட்டார் வண்டியைப் பின்தொடரும் மிதிவண்டிப் போட்டியில் தேசிய வாகை சூடினார்.

1905இல் பாஸ்டன் நகரில் பங்காளிகளுடன் தம் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். எரிபொருட்கலவையைப் பற்றவைக்கும் ‘ஸ்பார்க் பிளக்’ என்னும் தீப்பொறிச் செருகியே அவரது தொழிலாயிற்று. வெப்பத்தையும் உயர் மின்னழுத்தத்தையும் ஒருங்கே தாங்கவேண்டிய அதன் பீங்கான் உறை செம்மையாக அமையாவிடில் இயந்திரம் ஓடாது.

1908இல் பங்காளிகளைப் பிரிந்த அவர், ஜெனரல் மோட்டார்சைத் தோற்றுவித்த வில்லியம் டியூரண்டின் துணையோடு ஃபிளிண்ட் நகரில் புதிய நிறுவனம் நிறுவினார். பழைய பங்காளிகளும் ‘சாம்பியன்’ என்ற பெயரிலேயே வணிகத்தைத் தொடர்ந்தனர். பெயர் யாருக்கு உரியது என்ற வழக்கு எழுந்தது. அதன் முடிவாக, 1922இல் அவரது நிறுவனம் ‘ஏசி’ எனப் பெயர் மாறியது. பிறப்பால் வந்து உழைப்பால் பொருள் பெற்ற பெயரில், அவர் தொழிலுக்கு எஞ்சியவை இரண்டு முதலெழுத்துகளே.

1927இல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தனியே பறந்து கடந்தபோது, அவரது விமான இயந்திரத்தில் இருந்தவை அந்த ஏசி செருகிகள். அதே ஆண்டு சாம்பியன் பாரிசில் காலமானார்.

பெயர் தன்னால் சுட்டப்படுபவரைச் சாரும் என்பது இலக்கணம். பதிந்து பயன்படுத்துவோரைச் சாரும் என்பது வணிகம். இவ்விரண்டும் மோதும் இடத்தில் ஒரு மனிதர் தம் பெயருக்கே அயலார் ஆகலாம். வணிகப் பெயர்களை ஆராயும் மாணவர், சொல்லின் பொருளோடு அதன் உரிமை வரலாற்றையும் கற்பது இன்றியமையாதது.