முகாம் வாழ்வும் குடற்காய்ச்சலும்



நம் தோட்டப் பள்ளியில் பிள்ளைகளைக் குடும்ப மரம் வரையச் சொல்வது வழக்கம். அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா என்று பெயர்களை எழுதிக்கொண்டே போவார்கள். சில தாள்களில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் ‘சயாமுக்குப் போனார்’ என்று மட்டும் இருக்கும். அந்தக் கிளை அதற்குமேல் வளர்வதில்லை. எப்படி இறந்தார் என்று கேட்டால், “ஜப்பான்காரன் அடிச்சே கொன்னுட்டான்னு பாட்டி சொல்லுச்சு, டீச்சர்” என்பார்கள்.

அடியும் உதையும் இருந்தது உண்மை. ஆனால் அங்கே மாண்டவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது நோய். அந்த நோய் முகாமுக்குள் எந்த வழியாக நுழைந்தது, அதை எது தடுத்திருக்கும் என்பதைத் தெரிந்துகொள்வது நமக்கு இன்றும் பயன் தரும். ஆகவே இன்று அதைப் பற்றிப் பேசுவோம்.

சயாமில் பான்போங் என்னும் ஊரிலிருந்து பர்மாவில் தன்பியூசயாட் வரை சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாதையை ஜப்பானிய இராணுவம் 1942ஆம் ஆண்டில் போடத் தொடங்கி, 1943 அக்டோபரில் முடித்தது. போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர் அதில் வேலை செய்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைப்போல மும்மடங்குக்கு மேல். மலாயாவிலிருந்து மட்டும் சுமார் 75,000 பேர் போனதாகப் போருக்குப் பிந்திய மதிப்பீடு ஒன்று கூறுகிறது. அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். செலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் அதட்டியும் சேர்க்கப்பட்டவர்கள். சரக்கு ரயில் பெட்டியில் ஏற்றப்பட்டுப் பான்போங்கில் இறக்கப்பட்டார்கள். அங்கிருந்து காட்டு வழியாக நடந்தார்கள்.

முகாம் என்பது மூங்கிலும் அத்தாப்பும் கொண்டு கட்டிய கொட்டகை. நூற்றுக்கணக்கானவர்கள் மூங்கில் பரணில் நெருக்கியடித்துப் படுத்தார்கள். கக்கூஸ் பெரும்பாலும் இல்லை. குடிப்பதற்கும் குளிப்பதற்கும் அதே ஆறு, அதே ஓடை. 1943 மே மாதம் பருவமழை பிடித்தது. மழை நீர் தரையில் கிடந்த அசுத்தம் அனைத்தையும் வாரிக்கொண்டு ஓடையில் சேர்த்தது. வாந்திபேதி, அதாவது காலரா, முகாம் முகாமாகப் பரவியது. நேற்று மண்வெட்டி பிடித்தவன் இன்று பிணமானான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே மழை, அதே ஆறு, அதே பட்டினிதான் போர்க்கைதிகளுக்கும். ஆயினும் போர்க்கைதிகளில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் இறந்தார். மலாயாத் தொழிலாளர்களிலோ 42,000 பேர், அதாவது பாதிக்கு மேல், இறந்ததாக முன்னே சொன்ன மதிப்பீடு சொல்கிறது. ஏன் இந்த வேறுபாடு?

கைதிகளிடையே மருத்துவர்கள் இருந்தார்கள். ஓர் இராணுவத்தின் ஒழுங்கும் இருந்தது. கொதிக்க வைக்காத தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று உத்தரவிட்டார்கள். சோறு வாங்குமுன் தட்டைக் கொதிநீரில் முக்கச் சொன்னார்கள். குழி வெட்டிக் கக்கூஸ் அமைத்தார்கள். நோயாளிகளைத் தனியே வைத்தார்கள். மூங்கில் குழாயையும் ரப்பர்க் குழாயையும் கொண்டு உப்பு நீரை நரம்பில் ஏற்றினார்கள். இவ்வளவு செய்தும் அவர்களுக்கும் பேரிழப்புதான். 1943 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட ‘எஃப்’ படைக் கைதிகள் 7,000 பேரில் சுமார் 3,100 பேர் இறந்தார்கள்.

நம் தொழிலாளியிடம் இந்த ஒழுங்கு எதுவும் இல்லை. தோட்டத்தில் காய்ச்சல் என்றால் டிரசரிடம் போய் நின்றவன் அவன். இங்கே அவனுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. தண்ணீர் காய்ச்சப் பானை இல்லை. விறகு பொறுக்க நேரம் இல்லை. 1943 ஜூனில்தான் கைதி மருத்துவர்களும் உதவியாளர்களும் அடங்கிய ஒரு குழு தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டது. அதற்குள் வாந்திபேதி பரவிவிட்டது.

வாந்திபேதியைப் போலவே மலத்திலிருந்து தண்ணீருக்கும், தண்ணீரிலிருந்து வாய்க்கும் வருகிற இன்னொரு நோய் உண்டு. அதுதான் டைபாய்டு என்னும் குடற்காய்ச்சல். கழிவு வழியாகவே அது பரவுகிறது என்று ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் பட் 1856ஆம் ஆண்டிலேயே வாதாடினார். அதன் கிருமியை 1880இல் ஜெர்மானியரான ஏபெர்த் கண்டார். ஆனாலும் தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் பிரிட்டிஷ் படையினர் 8,000 பேருக்கு மேல் இந்தக் காய்ச்சலுக்குப் பலியானார்கள். நோய் வரும் வழியை அறிந்திருந்தும் முகாமில் நல்ல தண்ணீர் கொடுக்காததன் விலை அது.

வாந்திபேதி வந்தால் உடனே தெரியும். டைபாய்டு அப்படியன்று. கிருமி உள்ளே போய் ஒன்று முதல் மூன்று வாரம் வரை ஒளிந்திருக்கும். அதற்குள் முகாமில் எத்தனையோ பேர் அதே தண்ணீரைக் குடித்திருப்பார்கள். நோய் தீர்ந்த பிறகும் சிலருடைய உடலில் கிருமி தங்கிவிடும். நியூயார்க்கில் மேரி மாலன் என்ற சமையற்காரப் பெண், தான் நோயில்லாமல் இருந்தபடியே பல வீடுகளுக்கு இக்காய்ச்சலைக் கொடுத்து வந்தது 1907இல் தெரியவந்தது. ஒரே அடுப்பில் ஆயிரம் பேருக்குச் சமைக்கும் முகாமில் அப்படி ஒருவர் இருந்தால் என்ன ஆகும்? நம் நாட்டில் உணவு விற்பவர்களும் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்காரர்களும் டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும் என்ற விதி வீணாக வந்ததில்லை.

இந்தக் காய்ச்சலுக்கு மருந்து கிடைத்த கதை நமக்கு வெகு அருகில், கோலாலம்பூரில், நடந்தது. 1948இல் அமெரிக்க மருத்துவர்கள் ஸ்மேடலும் வுட்வர்டும் தம் குழுவோடு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு வந்தார்கள். காட்டு உண்ணிகளால் வரும் டைபஸ் காய்ச்சலுக்குக் குளோராம்பெனிக்கால் என்ற புது மருந்தைச் சோதிப்பதே அவர்கள் நோக்கம். டைபஸ் என்று எண்ணி மருந்து கொடுத்த நோயாளிக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு, அவர் குணமானார். பிறகு டைபாய்டு நோயாளிகள் பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்த்து, அதே ஆண்டில் உலகுக்கு அறிவித்தார்கள். அதுவரை வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்து, பத்தில் ஒருவராவது இறந்துபோன நோய் அது.

மருந்து வந்துவிட்டதே, இனி என்ன பயம் என்று நினைக்கலாம். கிருமி சும்மா இருக்கவில்லை. 1972இல் மெக்சிகோவிலும் கேரளத்துக் கோழிக்கோட்டிலும் அம்மருந்துக்கு அடங்காத டைபாய்டு தோன்றியது. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாநிலத்தில் பல மருந்துகளுக்கும் அடங்காத வகை கிளம்பியது. ஆகவே நல்ல தண்ணீரும் நல்ல கக்கூஸும் செய்கிற வேலையை மருந்து செய்துவிடாது.

போர் முடிந்தும் முகாம்கள் மறையவில்லை. 1979ஆம் ஆண்டு நடுவில் திரெங்கானுவுக்கு அப்பால் பிடோங் என்ற சிறு தீவில் சுமார் 40,000 வியட்நாமிய அகதிகள் இருந்தார்கள். கோலாலம்பூர் சுங்கை பெசியில் இருந்த அகதி முகாம் 1996இல்தான் மூடப்பட்டது. 2021 டிசம்பரில் ஷா ஆலமிலும் கிள்ளானிலும் வெள்ளம் புகுந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் நிவாரண மையங்களில் தங்கினார்கள். பள்ளிக்கூடங்களே அன்று முகாம்கள் ஆயின. போர் வேண்டியதில்லை, ஒரு நாள் மழை போதும், நம் குடும்பமும் முகாமில் இருக்கும்.

அப்படிப்பட்ட இடத்தில் ஆபத்தை வளர்ப்பவை எவை? முதலாவது, இடத்துக்கு மீறிய கூட்டம். இரண்டாவது, கழிவு கலந்த தண்ணீர். மூன்றாவது, போதாத கக்கூஸ், அல்லது கிணற்றுக்குப் பக்கத்திலேயே கக்கூஸ். நான்காவது, சோப்பில்லாத கையும் ஈ மொய்க்கும் சோறும். ஐந்தாவது, பசியால் நலிந்த உடல். ஆறாவது, காய்ச்சல்காரரைத் தனியே வைத்துக் கவனிக்க ஆள் இல்லாமை. இந்த ஆறும் சயாம் கொட்டகையில் ஒன்றாகக் கூடியிருந்தன.

நாம் செய்யக்கூடியவையும் உண்டு. தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்டி, பிறகு தளதளவென்று கொதிக்க வைத்து, மூடி வைப்போம். கக்கூஸ் போய் வந்தபின்னும் சாப்பிடுமுன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவோம். முகாமில் தண்ணீரோ கக்கூஸோ சரியில்லை என்றால் கூச்சப்படாமல் பொறுப்பாளரிடம் கேட்போம். அது பிச்சையன்று, உயிர்காப்பு. மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால் கைமருந்தோடு இருந்துவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போவோம். டாக்டர் கொடுத்த மருந்தைச் சொன்ன நாள்வரை முழுதும் சாப்பிடுவோம்.

வீட்டில் ‘சயாமுக்குப் போனவர்’ ஒருவர் இருந்தால், அவருடைய பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர் எப்படிப் போனார் என்பதையும் சொல்லுங்கள். அவருக்குக் கிடைக்காத ஒரு குவளை கொதித்த நீரை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது, அவரையும் சற்று நினைத்துக்கொள்வோம்.