‘எனக்குத் தெரியாது’ என்ற பதில்: முந்த்ரா விவகாரமும் டி.டி.கே.யின் மறுப்புகளும், 1957–1965

குற்றச்சாட்டு எழுந்தால் அமைச்சர் மறுப்பார். இதில் எந்தக் காலத்திலும் புதுமை இருந்ததில்லை. அந்த மறுப்பைச் சோதிப்பது யார், எந்த மன்றத்தில், எந்த ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. சுதந்திர இந்தியாவில் இந்த மாற்றத்தைப் படிப்படியாகப் பின்தொடர வாய்ப்பளிக்கும் முதல் பெரிய நிகழ்வு முந்த்ரா விவகாரம். அதன் மையத்தில் இருந்தவர் தமிழ்நாட்டுக்காரர்: அன்றைய நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவில் உறுப்பினராக இருந்தவர். 1957 தேர்தலில் சென்னை தெற்குத் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றவர். ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளை வாங்கிய பேரத்தில் அவர் ஒரு காசு எடுத்துக்கொண்டார் என்று எந்த விசாரணையும் சொல்லவில்லை. இருந்தும் பதவி போயிற்று. பேரத்தைக் காட்டிலும், பேரம் பற்றி அடுத்தடுத்து வந்த பதில்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போனதே அவரை வீழ்த்தியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1955 டிசம்பரில் ரேபரேலி உறுப்பினர் பெரோஸ் காந்தி, டால்மியா குழுமத்தின் காப்பீட்டு நிறுவனத்தில் பாலிசிதாரர்களின் பணம் எப்படிச் சுரண்டப்பட்டது என்பதை மக்களவையில் அம்பலப்படுத்தினார். அடுத்த மாதமே ஆயுள் காப்பீட்டுத் தொழில் அவசரச் சட்டத்தின் மூலம் அரசின் வசம் வந்தது. 1956 செப்டம்பர் 1 அன்று ஆயுள் காப்பீட்டுக் கழகம் பிறந்தது. தனியார் முதலாளிகள் மக்கள் சேமிப்பில் கைவைக்கிறார்கள் என்பதுதான் தேசியமயத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம். ஓராண்டுகூட ஆகவில்லை, அதே மக்கள் சேமிப்பு இன்னொரு தனியார் முதலாளியின் கைக்குப் போயிற்று. இந்த முரண்தான் விவகாரத்துக்குச் சூடேற்றியது. தொகை மட்டும் அதைச் செய்திருக்காது.

கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ரா பழைய பிரிட்டிஷ் கம்பெனிகளைப் பங்குச் சந்தை வழியே வளைத்துப் போட்டு வளர்ந்தவர். தொழில் நடத்துவதைவிடப் பங்குகளை அடகுவைத்துக் கடன் வாங்கி மேலும் பங்கு வாங்குவதில் தேர்ந்தவர். பம்பாய்ப் பங்குச் சந்தையில் அவர் பெயர் 1956லேயே கெட்டுப்போயிருந்தது. 1957 ஜூன் மாதக் கடைசி வாரத்தில், அவருடைய ஆறு நிறுவனங்களின் பங்குகளைக் கழகம் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. ரிச்சர்ட்சன் குருடாஸ், ஜெஸ்ஸாப், ஸ்மித் ஸ்டானிஸ்ட்ரீட், ஆஸ்லர் லாம்ப்ஸ், ஏஞ்சலோ பிரதர்ஸ், கான்பூரின் பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் ஆகியவையே அந்த ஆறு. கழகத்துக்கென்று ஒரு முதலீட்டுக் குழு இருந்தது. சந்தையை அறிந்தவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களைக் கேட்காமலே பேரம் முடிந்தது.

அந்த ஆண்டின் பிற்பாதியில் மக்களவையில் கேள்விகள் வரத் தொடங்கின. ராம் சுபக் சிங்கும் பெரோஸ் காந்தியும் கேட்டார்கள், இருவருமே ஆளுங்கட்சிக்காரர்கள். பெரோஸ் பிரதமரின் மருமகனும்கூட. அரசுத் தரப்பின் விளக்கம் இந்தக் கட்டத்தில் பேரத்தையே நியாயப்படுத்துவதாக இருந்தது. கழகம் தன் பணத்தை முதலீடு செய்திருக்கிறது. சந்தை விலைதான் கொடுத்திருக்கிறது. இதில் அமைச்சகத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் மறுப்பின் சாரம் இவ்வளவுதான். கவனிக்க வேண்டியது, ‘தெரியாது’ என்ற சொல் இங்கே இன்னும் வரவில்லை. தவறே நடக்கவில்லை என்று சொல்கிறவருக்கு அந்தச் சொல் தேவைப்படாதல்லவா!

1957 டிசம்பர் 16 அன்று பெரோஸ் பேசிய பேச்சு இந்திய நாடாளுமன்ற வரலாற்றில் அடிக்கடி நினைவுகூரப்படுவது. தான் அடிப்பதும் பலமாக இருக்கும், திருப்பி விழும் அடியும் பலமாக இருக்கும் என்று முன்னறிவிப்போடு தொடங்கினார். எதிரே இருப்பவரிடம் வெடிமருந்து நிறைய இருக்கிறது என்று டி.டி.கே.யின் பெயரெழுத்துகளை வைத்து ஒரு சிலேடையும் சொன்னார். பின்னால் வந்தவர்கள் இந்த அலங்காரத்தை மேற்கோள் காட்டிக் காட்டியே அவருடைய முறையை மறந்துவிட்டார்கள். அவர் அமைச்சரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. அமைச்சரின் விடைகளை எடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் ஆவணத்தை வைத்தார். சந்தை விலை என்றால் எந்த நாளின் சந்தை விலை? பேரத்துக்கு முந்தைய நாட்களில் அந்தப் பங்குகளின் விலை ஏறியது ஏன்? விற்றவரே ஏற்றிவிட்ட விலையைச் சந்தை விலை என்று சொல்லலாமா? கழகம் தானாக முடிவெடுத்ததென்றால், நிதியமைச்சகச் செயலருக்கும் அமைச்சருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து எதைப் பற்றியது? அந்த இரகசியக் கடிதங்கள் எப்படியோ அவர் கைக்கு வந்திருந்தன. மனத்துக்குள் ஒரு கலகம் எழுந்ததால்தான் எழுந்து நிற்கிறேன், இத்தனை பெரிய விஷயத்தில் வாய்மூடி இருப்பதே குற்றம் என்ற பொருளில் அவர் சொன்னதும் அன்றைக்குத்தான்.

இங்கே ஒரு சட்டத்தையும் குறிப்பிட வேண்டும். நாடாளுமன்ற நடவடிக்கைகளை உள்ளபடி வெளியிடும் பத்திரிகைகளுக்குப் பாதுகாப்புத் தரும் 1956ஆம் ஆண்டுச் சட்டம், பெரோஸ் காந்தி தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தது. அது இல்லாவிட்டால் டிசம்பர் 16இன் விவாதத்தை அச்சிட எத்தனை பத்திரிகாசிரியர்கள் துணிந்திருப்பார்களோ? அமைச்சரின் மறுப்பும் அதற்கான மறுமொழியும் அடுத்த நாள் காலையில் ஒரே பக்கத்தில் வாசகர் முன் வந்தது முக்கியமான மாற்றம். அதுவரை அவைக்குள் மட்டும் எழுந்து அடங்கிய ஐயம் இப்போது ரயில் பெட்டியிலும் காப்பிக் கடையிலும் பேச்சானது. (நெருக்கடி நிலையின்போது, 1976இல், இந்தச் சட்டத்தை நீக்கியது அவருடைய மனைவியின் அரசு. அது தனிக் கதை.)

நேரு தயங்கினாலும் விசாரணைக்கு ஒப்புக்கொண்டார். 1958 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா ஒருநபர் ஆணையமாக நியமிக்கப்பட்டார். அரசுத் தலைமை வழக்கறிஞர் எம்.சி. சேதல்வாட் ஆணையத்துக்கு உதவினார். சாக்ளா எடுத்த ஒரு முடிவு எல்லாவற்றையும் தீர்மானித்தது: விசாரணை பகிரங்கமாக நடக்கும். பம்பாயில் கூட்டம் உள்ளே அடங்காமல், வெளியே நிற்பவர்களுக்காக ஒலிபெருக்கி கட்ட வேண்டியிருந்தது. நிதியமைச்சரும், ஐ.சி.எஸ். அதிகாரியான முதன்மை நிதிச் செயலர் எச்.எம். படேலும், கழகத்தின் தலைவர் ஜி.ஆர். காமத்தும், நிர்வாகி எல்.எஸ். வைத்தியநாதனும், ரிசர்வ் வங்கி ஆளுநர் எச்.வி.ஆர். ஐயங்காரும், முந்த்ராவும் சாட்சி சொன்னார்கள். அமைச்சர் ஒருவர் தன் செயலருக்கு எதிரான சாட்சியாகப் பொதுமக்கள் முன் நிற்பதை அந்தத் தலைமுறை முதல்முறையாகப் பார்த்தது.

மறுப்பின் வடிவம் இங்கேதான் மாறியது. பேரம் நல்ல பேரம் என்ற நிலைப்பாடு கைவிடப்பட்டு, பேரம் என் ஒப்புதலோடு நடக்கவில்லை என்ற நிலைப்பாடு வந்தது. அமைச்சரிடம் பேசிவிட்டே செய்தேன் என்றார் படேல். அப்படி ஒப்புதல் தரவில்லை, அதிகாரிகள் தாங்களாகச் செய்தார்கள் என்றார் டி.டி.கே. மற்றவர்களும் தத்தம் பங்குக்கு ஒதுங்கினார்கள். பம்பாயில் உயரதிகாரிகளும் வங்கித் தலைவர்களும் கலந்து பேசித்தான் முடிவுக்கு வந்ததாகச் செயலர் தரப்பு சொல்ல, அந்தப் பேரத்துக்குத் தாங்கள் பரிந்துரை தரவில்லை என்று அவர்கள் விலகிக்கொண்டார்கள். கடைசியில் ஒன்றேகால் கோடி ரூபாய்ப் பேரம் பெற்றோர் இல்லாத பிள்ளையாகக் கூடத்தில் கிடந்தது.

கல்கத்தாச் சந்தை சரிந்துவிடாமல் தாங்கிப் பிடிக்கவே பங்குகள் வாங்கப்பட்டன என்ற விளக்கமும் முன்வைக்கப்பட்டது. சாக்ளா இதை ஏற்கவில்லை. பிறகு யோசித்துச் சேர்த்த காரணம் என்றே அவருக்குப் பட்டது. சந்தையைத் தாங்குவது நோக்கமென்றால் ஏன் ஒரே மனிதரின் பங்குகள்? முந்த்ராவுக்கு உதவுவதற்காக நடந்த பேரம் என்ற முடிவுக்கே சாட்சியங்கள் அவரைக் கொண்டுசென்றன.

அமைச்சரைப் பற்றிய அவர் முடிவை நுணுக்கமாகப் படிக்க வேண்டும். பரபரப்பில் பலர் கோட்டைவிட்ட இடம் அது. டி.டி.கே. பொய் சொன்னார் என்று தீர்ப்பெழுதி விஷயத்தை முடிக்கவில்லை அவர். அமைச்சருக்குத் தெரிந்ததா தெரியாதா என்ற கேள்வியின் கனத்தையே குறைத்தார். செயலர் செய்ததற்கு அமைச்சர் முழுமையாகப் பொறுப்பேற்க வேண்டும். ‘என் அதிகாரி செய்தார்’ என்று சொல்லி நாடாளுமன்றத்திடமிருந்து தப்ப முடியாது. பேரம் தெரியவந்த பிறகாவது அமைச்சர் அதை நிராகரித்தாரா? இல்லை. மாதக்கணக்கில் அதனோடு ஒத்துப்போய், அவையிலும் ஆதரித்துப் பேசினார். முதல் மறுப்பே இரண்டாம் மறுப்புக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. தனக்குத் தெரியாமல் நடந்த ஒன்றை ஒருவர் ஏன் டிசம்பர் வரை காப்பாற்றிக்கொண்டிருந்தார்? அமைச்சர்கள் தொடக்கத்திலேயே நாடாளுமன்றத்தை நம்பி உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று சாக்ளா சேர்த்த அறிவுரையும் இந்த இடத்திலிருந்து பிறந்ததுதான். பிப்ரவரி நடுவில் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. டி.டி.கே. விலகினார். அந்த ஆண்டின் நிதிநிலை அறிக்கையைப் பிரதமர் நேருவே வாசிக்க நேர்ந்தது.

இதை அரியலூரோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் உடைந்து தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். துணை அமைச்சர் ஓ.வி. அழகேசனைக் குறிவைத்து தி.மு.க. எழுப்பிய அடுக்குமொழி முழக்கம் அடுத்த தேர்தல் மேடைகளில் ஒலித்தது. நம் ஊரில் அந்த விபத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் பலருக்கும் அந்த முழக்கமும் நினைவிருக்கும். பாலம் பலவீனமாக இருந்தது சாஸ்திரிக்குத் தெரியுமா என்று எவரும் கேட்கவில்லை. அவரும் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை. நேரு அந்த விலகலை ஏற்றபோது, தவறு சாஸ்திரியுடையதல்ல, முன்மாதிரிக்காகவே ஏற்கிறேன் என்றார். பதினைந்து மாதம் கழித்து டி.டி.கே.க்கு எழுதிய கடிதத்திலும் நேருவின் நிலை ஏறத்தாழ இதுவே: இதில் உங்கள் பங்கு மிகச் சிறியது, நடந்தது என்னவென்றுகூட உங்களுக்குத் தெரியாது என்று உறுதியாக நம்புகிறேன். இரண்டு கடிதங்களும் ஒரே கையால், ஒரே பெருந்தன்மையோடு எழுதப்பட்டவை. ஆனால் இரண்டாவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வாரக்கணக்கில் சாட்சியம் கேட்ட நீதிபதியின் முடிவுக்கு எதிராக, சாட்சியம் கேட்காத பிரதமர் தன் நம்பிக்கையை வைக்கிறார். அமைச்சரின் மறுப்புக்கு மக்களவையும் ஆணையமும் கொடுக்க மறுத்த சான்றிதழை நட்பு கொடுத்துவிட்டது.

டி.டி.கே. தரப்புக்கும் நியாயம் செய்ய வேண்டும். 1957 பட்ஜெட்டில் சொத்து வரியும் செலவு வரியும் கொண்டுவந்து பெருமுதலாளிகளின் பகையைச் சம்பாதித்திருந்தார். அவருடைய வீழ்ச்சியில் மகிழ்ந்தவர்கள் எல்லோரும் பொதுப்பணத்தைக் காக்கத் துடித்தவர்கள் அல்லர். பகிரங்க விசாரணையின் ஆரவாரத்தில் ஒரு மனிதர் நிதானமாகத் தன் பக்கத்தைச் சொல்ல முடியுமா என்ற கேள்வியும் செல்லாக் கேள்வியல்ல. ஆனால் இவை எதுவும் அவருடைய பதில்களுக்குள் இருந்த முரணைச் சமன்செய்யவில்லை.

அதிகாரிகளின் நடத்தையை ஆராய, முன்னாள் உச்சநீதிமன்ற நீதிபதி விவியன் போஸ் தலைமையில் தனிக் குழு அமைந்தது. காங்கிரஸ் கட்சிக்கு முந்த்ரா கொடுத்த நன்கொடைகள், எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் ரூபாய், அங்கேதான் பேச்சுக்கு வந்தன. அதுவரை ஒரு அமைச்சரின் நினைவைப் பற்றியதாக இருந்த ஐயம் இப்போது கட்சியின் கருவூலத்தைத் தொட்டது. நேருவின் பொறுமை இங்கே தளர்ந்தது. 1959இல் செய்தியாளர்கள் நடுவே அவர் போஸின் அறிவுத்திறனைக் குறைத்துப் பேச, கல்கத்தா வழக்கறிஞர்கள் கண்டனம் தெரிவித்தார்கள். பிரதமர் நீதிபதிக்கு எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டார். கேட்டது அவருடைய பெருமை. ஆனால் பிரதமர்கள் இதிலிருந்து கற்றுக்கொண்டது வேறு. நீதிபதியைப் பகிரங்கமாக உட்காரவைத்தால் விசாரணை எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதே அது. 1960 செப்டம்பரில் பெரோஸும் மறைந்துவிட்டார். கேள்வி கேட்க ஆளுங்கட்சி வரிசையில் அவரைப் போல ஒருவர் இல்லை.

டி.டி.கே. 1962இல் திருச்செந்தூரிலிருந்து போட்டியின்றித் தேர்வாகித் திரும்பினார். மறு ஆண்டே மீண்டும் நிதியமைச்சர். 1965இல் குடும்ப நிறுவனங்களைச் சுற்றிப் புதிய குற்றச்சாட்டுகள் எழுந்தன. இம்முறையும் மறுத்தார். பிரதமரே தன்னை நிரபராதி என்று சொல்லிவிட வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. 1958இல் நேரு தனிக் கடிதத்தில் சொன்னதை அப்போதைய பிரதமர் சாஸ்திரி அவையில் சொல்ல வேண்டும். அரியலூருக்காக விலகிய அதே சாஸ்திரி அதற்கு இணங்கவில்லை. உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதியின் கருத்தைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். அந்தச் சோதனைக்கு உட்படுவதைவிட விலகுவது மேல் என்று டி.டி.கே. டிசம்பர் 31 அன்று வெளியேறினார். பதினோரு நாள் கழித்துச் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்தார். ஆணையம் அமையவில்லை, அறிக்கை வரவில்லை. குற்றச்சாட்டும் மறுப்பும் இரண்டுமே சோதிக்கப்படாமல் நின்றுவிட்டன. பிற்காலத்தில் அமைச்சர்களின் விலகல்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வழியிலேயே நடந்தன; பம்பாயில் ஒலிபெருக்கி கட்டிக் கேட்ட முதல் வழி விதிவிலக்காகவே தங்கிவிட்டது.