கேட்டைத் திறக்கச் சொல்லும் முன்: ஒரு சிறு வரலாறு



சென்ற மாதம் ஒரு மாலை, நம் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள ரயில்வே கேட்டில் தகராறு. ரயில் போன பிறகும் கேட் திறக்கவில்லை என்று இருவர் கேட் கீப்பரின் அறைக்குள் புகுந்து சட்டையைப் பிடித்தார்கள். எதிர்த் திசையில் அடுத்த ரயில் கடந்த பிறகே அடங்கினார்கள். அவர்களில் ஒருவர் நம்மவர் என்பதால், இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்துக்கு இதையே எடுத்துக்கொண்டேன்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியது. தண்டவாளம் பெருகப் பெருக, சாலை குறுக்கிடும் இடங்களில் கேட்டும் காவலுக்கு ஆளும் வந்தார்கள். கொடிகள், கைவிளக்கு, ஆபத்துக் காலத்தில் தண்டவாளத்தில் வைக்கும் வெடி ஆகியவையே அவருடைய கருவிகள். தன்னைக் காத்துக்கொள்ள அவரிடம் எதுவும் இல்லை.

பணியில் இருக்கும் ரயில்வே ஊழியரைத் தடுப்பது 1890-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்திலேயே குற்றம். இப்போதுள்ள 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146-வது பிரிவில் அதற்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூடிய கேட்டை வெளியாள் திறந்தால் 3 ஆண்டு வரை, உடைத்தால் 5 ஆண்டு வரை சிறை என்கிறது 160-வது பிரிவு.

ரயில்வே பாதுகாப்புப் படைக்கான 1957-ஆம் ஆண்டுச் சட்டம் ரயில்வே சொத்தைக் காப்பதற்காக வந்தது. பயணிகளின் பாதுகாப்பு 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்தது. ஆனால் ஊருக்கு வெளியே தனியாக நிற்கும் கேட் அறைக்கு அருகில் போலீஸ் ஏது? தண்டனை அடி விழுந்த பிறகுதான் வரும்.

அடியைத் தடுக்க, சண்டைக்கான காரணத்தையே நீக்க வேண்டும். மேம்பாலமும் சுரங்கப்பாதையும் அதைச் செய்கின்றன. இன்டர்லாக் கேட்டில் ரயிலுக்கு சிக்னல் கொடுத்துவிட்டால், ரயில் கடக்கும் வரை கேட் பூட்டியே இருக்கும். கேட் கீப்பர் நினைத்தாலும் திறக்க முடியாது. இன்டர்லாக் இல்லாத இடத்தில் ஸ்டேஷன் மாஸ்டருடன் போனில் பேசி, கேட்டை மூடி, ரகசிய எண்ணைப் பரிமாறிக்கொள்வார்கள். அங்கே நம் அவசரத்துக்கு அவர் இணங்கினால் உயிர் போகும்.

2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில், இன்டர்லாக் இல்லாத கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மாணவர்கள் 3 பேர் இறந்தார்கள். விசாரணை தொடங்கும் முன்பே அங்கிருந்தவர்கள் கேட் கீப்பரை அடித்தார்கள். அந்தத் துயரத்தில் எழுந்த கோபம் புரிகிறது. ஆனாலும் தவறு யாருடையது என்று அடி சொல்லாது. அதன் பிறகு கேட்களில் சிசிடிவி வைக்கவும், போன் பதிவுகளைத் தினமும் சோதிக்கவும் ரயில்வே உத்தரவிட்டது. அந்த கேமராவும் பதிவும் ஊழியரின் தவறையும் காட்டும், நம் தவறையும் காட்டும்.

நானும் அந்த கேட்டில் ஹாரன் அடித்தவன்தான். இனி எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்போம். யாராவது ஊழியரிடம் கை ஓங்கினால் வேடிக்கை பார்க்காமல் 139-க்குச் சொல்வோம். சுரங்கப்பாதை கேட்டு மனு கொடுப்பதை அடுத்த கூட்டத்தில் பேசுவோம், அவசியம் வாருங்கள்.