தரைக்கு இறங்கிய ஒயர்

தரையில் கிடக்கும் ஒயரில் யாராவது தடுக்கி விழுந்தால், பார்த்து நடக்கக் கூடாதா என்றுதான் முதலில் கேட்போம். அமெரிக்க வீடுகளின் மின்வரலாற்றைப் பார்த்தால், குற்றம் காலைவிடச் சுவரின் மேல்தான் அதிகம் என்று தோன்றுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே வீட்டுக்குள் மின்சாரம் வந்தது விளக்குக்காகத்தான். மின்விசிறியோ இஸ்திரிப் பெட்டியோ வாங்கியவர் பல்பைக் கழற்றிவிட்டு, அந்த ஹோல்டரிலேயே ஒயரைத் திருகி மாட்டினார். 1904இல் ஹார்வி ஹப்பல் இரண்டாகப் பிரியும் பிளக்குக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு பாதி ஹோல்டரில் திருகியபடியே இருக்கும், மறுபாதியைச் செருகி எடுக்கலாம். அப்போதும் ஒயர் பெரும்பாலும் மேலிருந்துதான் தொங்கியது. தலையில் இடிக்கலாமே தவிர, காலில் சிக்காது. சாக்கெட் சுவரின் அடிப்பக்கத்துக்கு வந்த பிறகுதான் ஒயரும் தரைக்கு இறங்கியது.

இறங்கிய ஒயரை ஓரங்கட்ட அந்நாட்டின் தேசிய மின் விதித்தொகுப்பு கண்ட வழி எளிமையானது. 1897இல் முதலில் வெளியான அத்தொகுப்பில் பின்னாளில் இடம்பெற்ற விதி இது: வசிக்கும் அறையில் சுவரோரமாக எந்த இடத்தில் நின்றாலும் 6 அடிக்குள் ஒரு சாக்கெட் இருக்க வேண்டும். ஆக, ஒரே சுவரில் இரண்டு சாக்கெட்டுகளுக்கு நடுவே 12 அடிக்கு மேல் போகக் கூடாது. மேசை விளக்கின் ஒயர் வழக்கமாக 6 அடி நீளம் என்பதால், விளக்கைச் சுவரோரம் எங்கே வைத்தாலும் எக்ஸ்டென்ஷன் தேவைப்படாது. இதைவிட நுட்பமானது அளக்கும் முறை. வாசல் வந்ததும் அளவு அறுந்துவிடும். அதற்கு அப்பால் இருப்பது வேறு சுவர். 2 அடி அகலமே உள்ள சுவர்த்துண்டுக்கும் தனியாக ஒரு சாக்கெட் உண்டு. கதவுக்கு அந்தப் பக்கத்து விளக்குக்காக, ஆள் நடக்கும் வழியில் ஒயர் இழுக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

நடு ஹாலில் சோபா போடுகிறவருக்கு இந்தக் கணக்கு உதவாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒயரைத் தரைவிரிப்புக்கு அடியில் தள்ளினால் தடுக்காது. ஆனால் சாதாரண ஒயரை அப்படி மறைப்பதை அங்குள்ள பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன. நாற்காலிக் கால்கள் அழுத்தி உள்ளே செம்பு இழைகள் அறுந்தால், அந்த இடம் சூடேறும். சூடு வெளியேற வழியில்லை, பார்க்கிறவர் கண்ணுக்கும் படாது. விழுவதைத் தவிர்க்கப் போய்த் தீயை விலைக்கு வாங்கும் வேலை. அலுவலகங்கள் போன்ற இடங்களுக்கு மட்டும் மின் விதித்தொகுப்பின் 1981 பதிப்பு ஒரு வழிவிட்டது: உலோகத் தகடு மூடிய தட்டையான கேபிளை விரிப்புக்கு அடியில் பதிக்கலாம். அந்த விரிப்பும் அப்போது 3 அடிச் சதுரத்துக்கு மிகாத துண்டுகளாக இருக்க வேண்டியிருந்தது. தேவைப்படும்போது பெயர்த்துப் பார்க்கலாம் அல்லவா! வீடுகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே நடு ஹாலுக்கு மின்சாரம் வேண்டுமென்றால், தரை போடும்போதே சாக்கெட் பதித்துவிடுவதுதான் சரியான வழி.

அதற்காக, கண்ட இடத்திலெல்லாம் சாக்கெட் வைத்தால் போதும் என்றும் ஆகாது. சமையலறை நடுமேடையின் பக்கவாட்டில், மேடைமட்டத்துக்குக் கீழே சாக்கெட் வைப்பது அங்கே நெடுநாள் வழக்கம். தொங்கும் ஒயரைக் குழந்தைகள் இழுத்து, கொதிக்கும் பாத்திரம் மேலே கவிழ்ந்த விபத்துகளுக்குப் பிறகு, 2023 பதிப்பு அந்த வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. நடுமேடையில் சாக்கெட் கட்டாயம் என்பதும் அத்துடன் போயிற்று. வைப்பதானால் மேடையின் மேல்தான் வைக்க வேண்டும்.