பள்ளிக்கூட ஆங்கிலம்: சில வழக்குகளின் வரலாறு

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்குப் பெருங்காப்பியங்களைவிடச் சிறு வழக்குகளே அதிகத் தொல்லை தருகின்றன. அகராதியின் துணையோடு மில்டனைக்கூட ஓரளவு வாசித்துவிடலாம். ஆனால் ஆங்கிலேயர் ஒருவர் தம் பள்ளிப் பருவத்தைப் பற்றிப் பத்து நிமிடம் இயல்பாகப் பேசினால், அதில் வரும் தொடர்களில் பாதி நமக்குப் பிடிபடாமல் நழுவும். சொற்கள் தெரிந்தவையாகவே இருக்கும். அவை சேர்ந்து தரும் பொருள்தான் தெரியாது. தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறை மாணவர்கள் இத்தகைய இடங்களில்தான் வாயடைத்துப் போகிறார்கள். இலக்கணப் பிழை செய்தால் நாம் திருத்துகிறோம். வழக்குப் பிழை செய்தால் சிரிக்கிறோம். சிரிப்புக்கு ஆளானவர் அடுத்த முறை வாய் திறப்பதில்லை.

இவ்வழக்குகளைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்விப்பதே நம் வகுப்பறைகளில் வழக்கமாக இருந்துவருகிறது. அவை எங்கே, யாருடைய தேவைக்காகப் பிறந்தன என்று சொல்லிக்கொடுப்பவர் குறைவு. சொல்லிக்கொடுத்தால் இரண்டு நன்மைகள் விளையும். ஒன்று, பொருள் மறக்காது. மற்றொன்று, அச்சம் தெளியும். ஏனெனில் மேட்டிமையின் அடையாளம் என்று நாம் அஞ்சும் இத்தொடர்களில் பல, ஏழைப் பிள்ளைகளை மலிவாகவும் கண்டிப்பாகவும் பயிற்றுவிக்க முயன்ற காலத்தின் எச்சங்கள். அவற்றுள் சிலவற்றை இங்கே பார்க்கலாம்.

ஓய்வும் உறைவிடமும்

'ஸ்கூல்' என்ற சொல்லிலிருந்தே தொடங்குவோம். இதன் மூலம் 'ஸ்கோலே' என்னும் கிரேக்கச் சொல், பொருள் ஓய்வு. உடலுழைப்பிலிருந்து விடுபட்ட நேரம் என்பது முதற்பொருள். அந்த நேரத்தில் நிகழ்த்தும் அறிவுரையாடல், பின்பு அது நிகழும் இடம் என்று பொருள் விரிந்து, இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழில் 'பள்ளி' என்பதற்கும் இதையொத்த பயணம் உண்டு. பள்ளிகொள்ளுதல், பள்ளியறை ஆகிய சொற்களில் துயிலும் இடம் என்ற பொருள் இன்றும் நிற்கிறது. சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடங்கள் பள்ளிகள் எனப்பட்டன. அங்கே கல்வியும் நடந்ததால் கற்குமிடத்துக்கே அப்பெயர் நிலைத்தது. இரு மொழிகளிலும் கல்விச்சாலையின் பெயருக்குள் இளைப்பாறல் ஒளிந்திருக்கிறது. பிள்ளைகள் இதை நம்ப மறுத்தால் அவர்களைக் குறைசொல்ல முடியாது.

'கோ டு ஸ்கூல்' என்னும்போது 'தி' ஏன் வருவதில்லை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. விதிவிலக்கு என்று சொல்லி ஆசிரியர் கடந்துவிடுவார். சர்ச், பிரிசன் ஆகிய சொற்களுக்கும், பிரிட்டானிய வழக்கில் ஹாஸ்பிடல் என்பதற்கும் இதே முறைதான் பொருந்துகிறது. படிப்பதற்காகச் செல்லும் மாணவர், தொழச் செல்லும் அடியார், தண்டனை அனுபவிக்கும் கைதி, சிகிச்சை பெறும் நோயாளி ஆகியோருக்கு 'தி' தேவையில்லை. கூரையைப் பழுதுபார்க்கப் போகும் கொத்தனார் 'தி ஸ்கூல்' போகிறார். கைதியைப் பார்க்கப் போகும் உறவினர் 'தி பிரிசன்' போகிறார். கட்டடத்தைச் சுட்டினால் 'தி' வரும். அந்த நிறுவனத்துக்குள் ஒருவர் வகிக்கும் நிலையைச் சுட்டினால் வராது. பள்ளி, கோயில், சிறை, மருத்துவமனை ஆகிய நான்கையும் ஆங்கில இலக்கணம் ஒரே வரிசையில் நிறுத்தியிருப்பது சிந்திக்கத்தக்கது.

பெஞ்சில் பிறந்த வகுப்பு

இங்கிலாந்தில் 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் பொதுப்பள்ளி என்று நாம் மொழிபெயர்ப்போம். உண்மையில் அது பெருங்கட்டணம் வசூலிக்கும் தனியார் பள்ளி. 1382இல் நிறுவப்பட்ட வின்செஸ்டரும் 1440இல் நிறுவப்பட்ட ஈட்டனும் இவ்வகையின் முன்னோடிகள். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தனியாசிரியர் வைத்துக் கற்பித்த காலத்தில், எவ்வூராராயினும் சேரலாம் என்ற பொருளில் இவை 'பப்ளிக்' எனப்பட்டன. ஊர்த்தடை நீங்கியது, பணத்தடை இருந்தது. 1868ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இப்பெயரை அப்படியே உறுதிசெய்தது. பெயருக்கும் பொருளுக்கும் உள்ள இந்த இடைவெளி ஆங்கிலச் சமூகத்தின் வர்க்க வரலாறு அன்றி வேறில்லை.

அப்பள்ளிகளிலிருந்து வந்த சொல் 'ஃபார்ம்'. நீண்ட பெஞ்சுக்கு ஆங்கிலத்தில் அப்பெயர். ஒரே கூடத்தில் எல்லா வயதினரும் அமர்ந்து படித்த நாளில், ஒரு பெஞ்சில் அமர்ந்தவர்கள் ஒரு வகுப்பினர் ஆயினர். நம் மாகாணத்துக்கும் இச்சொல் வந்தது. பதினோராம் வகுப்புடன் பள்ளிப் படிப்பு முடிந்த காலத்தில் படித்த பெரியவர்கள் ஆறாம் வகுப்பை 'ஃபர்ஸ்ட் ஃபாரம்' என்றும், பள்ளியிறுதி வகுப்பை 'சிக்ஸ்த் ஃபாரம்' என்றும் சொல்வார்கள். பெஞ்சு என்ற மூலப்பொருளை அறியாமலே மூன்று தலைமுறைகள் அச்சொல்லைப் புழங்கியிருக்கின்றன. இங்கிலாந்தில் பள்ளியின் கடைசி இரண்டாண்டுகள் இன்றும் 'சிக்ஸ்த் ஃபார்ம்'தான்.

எழும்பூரிலிருந்து சென்ற முறை

மேற்சொன்ன சொற்கள் அங்கிருந்து இங்கு வந்தவை. எதிர்த்திசையில் நடந்த ஒரு பயணமும் உண்டு. ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான ஆதரவில்லத்தின் கண்காணிப்பாளர் ஆனார். ஐரோப்பியத் தந்தையருக்கும் பெரும்பாலும் இந்தியத் தாய்மாருக்கும் பிறந்த பிள்ளைகள் அங்கே வளர்க்கப்பட்டனர். அருகிலிருந்த உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்ட பெல், அதைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கீழ்வகுப்புக்கு எழுத்துக் கற்பிக்க நியமித்தார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் முறை அங்கே உருப்பெற்றது.

பெல் 1797இல் இலண்டனில் தம் சோதனை பற்றிய அறிக்கையை வெளியிட்டார். 'மெட்ராஸ் சிஸ்டம்' என்றே அம்முறை பெயர்பெற்றது. ஜோசப் லங்காஸ்டர் என்பாரும் இதையொத்த முறையை இலண்டனில் நடத்திவந்தார். யார் முன்னோடி என்று இருதரப்பாரும் சண்டையிட்டனர். ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முடிந்ததால் முறை வேகமாகப் பரவியது. 'மானிட்டர்' என்ற சொல் அதற்கு முன்பே ஆங்கிலத்தில் இருந்ததுதான்; எச்சரிப்பவர் என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. ஆயினும் எளிய மக்களின் பள்ளிதோறும் மானிட்டர் என்றொரு பதவி உண்டானது இவ்வியக்கத்தால்தான். கவிஞர் ராபர்ட் சதே, பெல்லின் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கினார். அவருடைய மகன் அதை முடித்தார். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல்லின் கொடையால் எழுந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றே அழைக்கப்படுகிறது.

தமிழ் வாசகருக்கு இதில் வியப்பதற்கு ஒன்று உண்டு. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்றொருவர் இருந்தார். மூத்த மாணவரான அவர் இளையோருக்கு எழுத்துக் கற்பிப்பார்; அண்ணாவி இல்லாதபோது பிரம்பும் அவர் கையில் இருக்கும். சட்டாம்பிள்ளை நம் பேச்சில் இன்று அதிகாரம் செய்பவரைக் கேலிசெய்யும் சொல்லாகத் தேய்ந்துவிட்டார். அவர் இடத்தில் 'கிளாஸ் மானிட்டர்' அமர்ந்திருக்கிறார்.

தேர்ச்சியின் விலை

'எத்தனாவது ஸ்டாண்டர்டு படிக்கிறாய்?' என்று பிள்ளைகளைக் கேட்கிறோம். இந்த 'ஸ்டாண்டர்டு' 1862இல் இங்கிலாந்தில் வந்த திருத்தப்பட்ட கல்வி விதித்தொகுப்பின் குழந்தை. அரசு மானியம் பெறும் ஏழையர் பள்ளிகளில் படிப்பு ஆறு தரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஆய்வாளர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் சோதிப்பார். ஆறு வயதைக் கடந்து, 200 வருகைகளுக்கு மேல் பதிவான பிள்ளைக்கு 8 ஷில்லிங் மானியம் உண்டு. ஒரு பாடத்தில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறைக்கப்படும். 8 ஷில்லிங்கை மூன்றால் வகுத்துப் பாருங்கள். கணக்கு அச்சாக வரும். 'பாஸ்', 'ஃபெயில்' என்னும் சொற்கள் பழையவை. ஒரு சிறுவனின் தலைக்கு மேல் அவற்றைப் பணமாக எழுதி வைத்தது இந்த விதித்தொகுப்பு.

'த்ரீ ஆர்ஸ்' என்னும் தொடரை இந்தப் பின்னணியில் வாசிக்க வேண்டும். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றின் ஆங்கிலப் பெயர்களில் முதலாவது மட்டுமே 'ஆர்' என்னும் எழுத்தில் தொடங்குகிறது. மற்ற இரண்டும் பாமர உச்சரிப்பில் தலையிழந்து அவ்வரிசையில் சேர்ந்தன. விகடமாகப் பிறந்த தொடர் ஏழைகளுக்குப் போதுமான கல்வியின் எல்லைக்கோடாயிற்று. வரலாறும் இலக்கியமும் மானியம் தராதவை. ஆகவே பள்ளிகள் அவற்றைக் கைவிட்டன. கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மாத்யூ ஆர்னால்ட், இது கல்வியை இயந்திரமாக்கிவிடும் என்று கடுமையாக எதிர்த்தார். 1890களில்தான் இங்கிலாந்தில் இம்முறை கைவிடப்பட்டது. சென்னை மாகாணத்திலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தேர்ச்சிக்கேற்ற மானியம் நடைமுறையில் இருந்தது. அங்கே 'ஸ்டாண்டர்டு' மறைந்து 'இயர்' வந்துவிட்டது. நாம் பிள்ளைகளை இன்னும் ஸ்டாண்டர்டுகளில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

நெஞ்சு, மை, குல்லாய்

'பை ஹார்ட்' என்பது பழைய பிரெஞ்சு வழக்கின் நேர்பெயர்ப்பு. நினைவின் இருப்பிடம் இதயம் என்று நம்பிய காலத்தில் பிறந்தது. நாம் மனப்பாடம் என்கிறோம்; நெட்டுரு என்று இகழவும் செய்கிறோம். ஆங்கிலத்தில் 'பை ஹார்ட்' வினையடை மட்டுமே. அதை வினையாக்கி, பாடத்தை 'பை ஹார்ட் பண்ணு' என்று சொல்வது நம் நாட்டுக் கொடை.

ஒருவர் நற்பெயரைக் கெடுத்துக்கொண்டால் அவர் தம் 'காப்பிபுக்'கில் மை கொட்டிவிட்டார் என்பது ஆங்கில வழக்கு. பக்கத்தின் தலைப்பில் நீதிமொழி ஒன்று அழகிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். கீழே பிள்ளை அதையே திரும்பத் திரும்ப எழுத வேண்டும். கையெழுத்தும் ஒழுக்கமும் ஒரே ஏட்டில் பயிலப்பட்டதால், ஏட்டில் விழுந்த கறை ஒழுக்கத்தின் கறையாயிற்று.

மந்தமான மாணவரைக் குறிக்கும் 'டன்ஸ்' என்ற சொல் 1308இல் மறைந்த தத்துவ அறிஞர் ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸின் பெயர். நுண்மாண் நுழைபுலத்துக்காகவே போற்றப்பட்டவர் அவர். 16ஆம் நூற்றாண்டில் புதிய கல்வியை ஆதரித்தவர்கள், பழைமையை விடாத அவருடைய வழியினரை அப்பெயரால் எள்ளினர். பின்னர் அது வகுப்பின் மூலையில் கூம்புக் குல்லாயுடன் நின்ற சிறுவனின் தலையில் ஏறியது. 'மக்கு' என்று ஒரு பிள்ளையை அழைக்குமுன் ஆசிரியர்கள் இவ்வரலாற்றை ஒருமுறை நினைக்கலாம்.

பள்ளிக்கு மட்டம் போடுவது ஆங்கிலத்தில் 'ட்ரூவன்ட்' ஆவது. அச்சொல்லுக்குப் பிச்சையெடுத்துத் திரிபவன் என்பது மூலப்பொருள். 1880இல் இங்கிலாந்தில் பள்ளி வருகை கட்டாயமானபோது வேலைக்குப் போன ஏழைச் சிறுவர்கள் பலர் இச்சொல்லின் கீழ் குற்றவாளிகள் ஆயினர்.

'சிக்ஸ் ஆஃப் தி பெஸ்ட்' என்ற தொடரை அகராதியின் துணையோடு சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'மிகச் சிறந்தவற்றுள் ஆறு' என்று வரும். உண்மைப் பொருள் ஆறு பிரம்படி. பிரிட்டனின் அரசுப் பள்ளிகளில் பிரம்படி 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டு, 1987இல் நடைமுறையிலிருந்து நீங்கியது. இந்தியாவில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடுத்தது. ஒருவரைத் தண்டிப்பதை 'பாடம் கற்பித்தல்' என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் சொல்கிறோம். பாடத்துக்கும் அடிக்கும் இருந்த உறவு எந்த ஒரு நாட்டுக்கும் தனியுரிமை இல்லை.

சிரிப்பதற்கு முன்

நம் மாணவர் 'கல்லூரியிலிருந்து பாஸ்டு அவுட்' என்று சொன்னால், மயங்கி விழுந்தாயா என்று கேலிசெய்வது நாகரிகமாகிவிட்டது. மயங்கி விழுதல் என்ற பொருள் உண்மைதான். ஆனால் பிரிட்டானியப் படைக்கல்லூரிகளில் பயிற்சி முடித்து வெளியேறுவதும் 'பாஸ் அவுட்' ஆவதே. அந்த அணிவகுப்புக்கு 'பாஸிங் அவுட் பரேட்' என்று பெயர். மாணவர் சொன்னது எங்கிருந்தோ முளைத்த பிழை அன்று. 'ரைட் அன் எக்ஸாம்' என்பதையும் தமிழ்த் தாக்கம் என்று திருத்துவார்கள். பிரிட்டனில் தேர்வுக்கு 'உட்கார்'கிறார்கள், அமெரிக்காவில் 'எடுக்'கிறார்கள். கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நம்மைப் போலவே எழுதுகிறார்கள். இலண்டனில் நேர்காணலுக்குப் போகும் மாணவருக்கு அங்குள்ள வழக்கைச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியரின் கடமை. இங்குள்ள வழக்குக்காக அவரைக் கூச வைப்பது கடமையில் சேராது.

இவ்வழக்குகளை மாணவர்களிடம் வரலாற்றோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. எட்டு ஷில்லிங்குக்காக ஆய்வாளர் முன் நடுங்கிய இங்கிலாந்துச் சிறுவனும், ஆங்கிலத் தொடருக்கு முன் தயங்கி நிற்கும் நம் மாணவரும் ஒரே பெஞ்சைச் சேர்ந்தவர்கள். அதை அறிந்த மாணவருக்கு அத்தொடர் அயலாருடைய சொத்தாகத் தோன்றாது.

நம் பக்கத்திலும் ஒரு வேலை காத்திருக்கிறது. சட்டாம்பிள்ளை, அண்ணாவி, மட்டம் போடுதல் போன்ற நம் பள்ளிக்கூட வழக்குகள் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுபவை. அவற்றைப் புழங்கிய தலைமுறை முதுமையடைந்துவிட்டது. வாசகர்கள் தத்தம் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, சொல்லையும் அது புழங்கிய சூழலையும் குறித்து வைப்பார்களானால், பின்னாளில் தமிழ்க் கல்வி வரலாற்றை எழுதுவோருக்கு அது பெருந்துணையாகும்.