காஸ்த்ராத்தோ பாடகர்கள்

மேலைநாட்டு இசையில் மிக உயர்ந்த குரல் வகை சோப்ரானோ எனப்படுகிறது. 'மேலே' எனப் பொருள்படும் 'சோப்ரா' என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. சாக்சபோன் போன்ற கருவிகளிலும் உயர்சுருதி கொண்டவற்றுக்கு இப்பெயர் வழங்குகிறது. இன்று சோப்ரானோ என்றால் பெண் குரலே நினைவுக்கு வரும். ஆனால் 17, 18ஆம் நூற்றாண்டு இத்தாலியில் இக்குரலில் பாடிப் புகழ்பெற்றவர்களுள் பலர் வளர்ந்த ஆண்கள். சிறுவயதில் விதைநீக்கம் செய்யப்பட்ட இவர்கள் காஸ்த்ராத்தோ எனப்பட்டனர்.

கத்தோலிக்கத் தேவாலயப் பாடகர் குழுக்களில் பெண்கள் பாடத் தடை இருந்தது. சிறுவர்களுக்கோ பயிற்சி முற்றும் வேளையில் குரல் உடைந்துவிடும். 1599இல் வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயக் குழுவில் இத்தாலியக் காஸ்த்ராத்தோக்கள் இருவர் சேர்க்கப்பட்டனர். ரோம் நகர மேடைகளிலும் பெண்களுக்கு இடமில்லாததால் ஓபராவும் இவர்களை நாடியது.

பருவமடையும் முன் விதை நீக்கப்பட்டால் குரல்வளை சிறிதாகவே நின்றுவிடும். எலும்பு வளர்ச்சியோ தாமதமாகவே முடியும். சிறுவனின் குரல்நாணும் பெரியவரின் நுரையீரலும் ஒரே உடலில் அமைந்ததே இக்குரலின் வலிமை. எனினும் அறுவை மட்டும் பாடகரை உருவாக்கிவிடாது. அநாதை விடுதிகளாகத் தொடங்கிய நேப்பிள்ஸ் இசைப்பள்ளிகளில் பல ஆண்டுகள் கடும் பயிற்சி தேவைப்பட்டது. பெரும்பாலோர் புகழ் பெறவே இல்லை. திருமணம் செய்துகொள்ளவும் திருச்சபை அவர்களை அனுமதிக்கவில்லை.

அறுவையைக் குற்றமெனக் கண்டித்த அதே திருச்சபை, அதற்கு உள்ளானவரின் குரலை ஏற்றுக்கொண்டது. இதனால் குதிரையிலிருந்து விழுந்தான், பன்றி கடித்தது என்றெல்லாம் காரணம் சொல்லப்பட்டது. 1770இல் இத்தாலியில் பயணம் செய்த ஆங்கில இசை வரலாற்றாசிரியர் சார்லஸ் பர்னி, இது எங்கே செய்யப்படுகிறது என்று விசாரித்தார். மிலானில் கேட்டால் வெனிஸைக் காட்டினார்கள். வெனிஸில் கேட்டால் பொலோனாவை. இப்படியே ஒவ்வோர் ஊரும் அடுத்த ஊரின்மேல் பழிபோட்டது.

இவர்களுள் மிகப் புகழ்பெற்றவர் ஃபரினெல்லி (1705–1782). இயற்பெயர் கார்லோ புரோஸ்கி. 1737இல் ஸ்பெயினுக்குச் சென்ற இவர், மனச்சோர்வால் வாடிய அரசர் ஐந்தாம் பிலிப்புக்காக அரண்மனையில் பாடினார். பொது மேடைக்கு மீண்டும் வரவே இல்லை. 16 வயது மொசார்ட் 1773இல் மிலானில் இயற்றிய 'எக்சுல்தாத்தே, யூபிலாத்தே' என்ற பாடலும், வெனான்சியோ ரவுசினி என்னும் காஸ்த்ராத்தோவுக்காக எழுதப்பட்டதே. இன்று அதைப் பெரும்பாலும் பெண்களே பாடுகின்றனர்.

19ஆம் நூற்றாண்டில் ஓபரா இவர்களைக் கைவிட்டது. 1824இல் மையர்பீர் எழுதியதே இவர்களுக்கெனப் படைக்கப்பட்ட கடைசிப் பெரிய வேடங்களுள் ஒன்று. சிஸ்டைன் குழுவில் மட்டும் சிலர் எஞ்சினர். அவர்களுள் ஒருவரான அலெசாண்ட்ரோ மொரெஸ்கி 1902, 1904 ஆண்டுகளில் ரோமில் இசைத்தட்டுகளுக்காகப் பாடினார். ஒரு காஸ்த்ராத்தோவின் தனிக்குரல் பதிவாக இன்று கிடைப்பவை இவை மட்டுமே. இரைச்சலுக்கு நடுவே விம்முவதுபோல் எழும் அக்குரலைக்கொண்டு ஃபரினெல்லியை மதிப்பிடுவது பொருந்தாது. மொரெஸ்கி தேவாலயப் பாடகர். ஓபரா கலைஞர் அல்லர். 1913இல் ஓய்வுபெற்ற அவர் 1922இல் ரோமில் காலமானார்.